ரோம வெள்ளிக் காசின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது?

நிழல்மரம் (கேள்வி):

வணக்கம். ஓர் அருங்காட்சியகத்தில் ரோம வெள்ளிக் காசுகள் வைத்திருந்த கண்ணாடிப் பேழையைப் பார்த்தேன். நகர மனமில்லாமல் அங்கேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். ஒவ்வொரு காசும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த இடத்துக்குள் தேர், குதிரை, கோயில், கைதி, தெய்வம் எல்லாம் இருக்கிறது. பக்கத்து அட்டையில் 'டெனாரியஸ், வெள்ளி' என்று போட்டு ஓர் ஆண்டும் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மூன்று காசுகள் மனதை விட்டுப் போகவில்லை. முதலாவது கி.மு. 211-ஐ ஒட்டியது. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண் தலை, அதன் பின்னால் பெருக்கல் குறி மாதிரி ஒன்று. மறுபக்கம் ஈட்டியை நீட்டிக்கொண்டு இரண்டு பேர் குதிரையில் பாய்கிறார்கள், தலைக்கு மேல் ஆளுக்கொரு நட்சத்திரம். இரண்டாவது அகஸ்டஸ் காசு. பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும், மேலே கரண்டி போல ஒன்றும் வளைந்த கோல் ஒன்றும். மூன்றாவது திபேரியஸ். பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து ஒரு கையில் செங்கோலும் மறு கையில் இலைக்கிளையும் பிடித்திருக்கிறாள்.

இவற்றைப் படிக்க ஏதாவது முறை இருக்கிறதா? பழைய காசுகளில் உயிரோடு இருந்த எவருடைய முகமும் இல்லை. பிற்காலத்தில் பேரரசர் முகம் இல்லாத காசைத் தேட வேண்டியிருக்கிறது. இது எப்போது, எப்படி மாறியது? சந்தையில் இதைக் கொடுத்து வாங்கியவர்கள் இந்தப் படங்களை உண்மையிலேயே பார்த்தார்களா?

ஏட்டுச்சுவடி:

முதல் காசை நான் எடுத்துக்கொள்கிறேன். டெனாரியஸ் பிறந்தபோது வந்த காசு அது. கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரின் நடுவில், கி.மு. 211 வாக்கில், ரோம் தன் பழைய வெள்ளிக் காசைக் கைவிட்டு இதைக் கொண்டுவந்தது. பெருக்கல் குறி போலத் தெரிவது ரோம எண் பத்து. பத்து வெண்கல ஆஸுக்கு ஒரு வெள்ளி என்று கணக்கு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அது 16 ஆஸ் ஆனது, ஆனாலும் டெனாரியஸ் என்ற பெயர் மாறவில்லை.

கவசமணிந்த பெண் ரோமா, அந்த நகரத்தின் தெய்வ உருவம். குதிரை வீரர்கள் காஸ்டரும் போலக்ஸும். ரெகில்லஸ் ஏரிக்கரைப் போரில் இந்த இரட்டையர் ரோமர் பக்கம் நின்று சண்டையிட்டார்கள், பிறகு ரோமின் நடுவே யூதூர்னா ஊற்றில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியபடி வெற்றிச் செய்தியைச் சொன்னார்கள் என்று ரோமர்கள் நம்பினார்கள். கி.மு. 211-இல் ஹன்னிபால் ரோமின் மதிலருகே வந்து போனார். அந்த நாள்களில் ஒரு படைவீரன் கையில் விழுந்த சம்பளக் காசில் இந்த இருவர் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

முகங்கள் எப்போது வந்தன என்பதை முத்திரைவெட்டி ஐயா சொன்னால்தான் நன்றாக இருக்கும். அவருக்காகக் காத்திருக்கிறேன்.

முத்திரைவெட்டி:

அம்மா, நல்ல கேள்வி. என் தொழில் முத்திரை வெட்டுவது. எஃகில் தலைகீழாக வெட்டுவதுதான் என் அன்றாட வேலை. அதனால் எந்தக் காசைப் பார்த்தாலும் அதில் உள்ள தெய்வத்தைவிட முதலில் அதை வெட்டிய கைதான் என் கண்ணில் படும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கி.மு. 46-இல் டைட்டஸ் கரீசியஸ் என்ற அலுவலர் ஒரு டெனாரியஸ் வெளியிட்டார். முன்பக்கம் யூனோ மொனேட்டாவின் தலை. கேபிடல் குன்றில் அவளுக்குக் கோயில் இருந்தது, காசு அடிக்கும் இடமும் அதை ஒட்டியே இருந்தது. பின்பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நடுவில் பட்டடைக் கல், ஒரு பக்கம் குறடு, மறு பக்கம் சுத்தியல், சுற்றிலும் இலை மாலை. பட்டடைக்கு மேல் குல்லா போல உருண்டையாக ஒன்று இருக்கிறது. அதை நெருப்புக் கடவுளான வல்கனின் தொப்பி என்பாரும் உண்டு. எனக்கு அது மேலச்சு, அதாவது காசின் பின்பக்கத்தைப் பதிக்கும் அச்சு, சந்தேகமே இல்லை. பட்டடைக்கு நேர் மேலே, சுத்தியலுக்குப் பக்கத்தில், அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு தொழிலாளி தன் கருவிகளைத் தன் கையாலேயே வெட்டியிருக்கிறார். ரோமர் காசுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வேலை நடந்த விதம் எளிது. கீழச்சு பட்டடையில் பதிந்து நிற்கும், அதில்தான் பெரும்பாலும் முன்பக்கத் தலை. சூடேற்றிய வெள்ளி வில்லையைக் குறட்டால் எடுத்து அதன்மேல் வைப்பார்கள். மேலே பின்பக்க அச்சைப் பிடித்து ஓங்கி ஓர் அடி. வில்லை கொஞ்சம் நகர்ந்தால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்துவிட்டால், புதுக் காசின் ஒரு பக்கத்தில் தலை மேடாகவும் மறுபக்கத்தில் அதே தலை இடம் வலம் மாறிப் பள்ளமாகவும் விழும். அப்படிப்பட்ட காசுகள் நிறையவே இருக்கின்றன. அந்தப் பள்ளமான முகத்தைப் பார்க்கும்போது அச்சு வெட்டியவர் தன் பலகையில் கண்டதையே நாமும் காண்கிறோம்.

இனி உங்கள் கேள்வி. படிக்கும் முறை ஒன்றுதான் எனக்குத் தெரியும். படத்தில் இருப்பது யார் என்று தேடுவதற்கு முன்னால், இதை வெட்டச் சொன்னது யார், அந்த ஆண்டில் அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேளுங்கள். டெனாரியஸில் உள்ள ஒவ்வொரு படமும் யாரோ ஒருவருடைய உரிமை கோரல். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டிய கடமை அதற்கு இல்லை.

குடியரசுக் காலத்தில் காசுப் பொறுப்பு ஆண்டுதோறும் மூன்று பேரிடம் இருந்தது. அரசியலில் அப்போதுதான் கால் வைக்கும் இளைஞர்கள் அவர்கள். முதலில் ரோமா, இரட்டையர், தேரேறிய வெற்றித் தெய்வம் என்று பொதுவான படங்களையே போட்டார்கள். பெயரைச் சிறிய எழுத்தில் ஓரமாக வைத்தார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்த ஓரத்துப் பெயர் படத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. தாத்தா ஜெயித்த போர், கொள்ளுத்தாத்தா கட்டிய கோயில், குலத்தின் ஆதி மூதாதை என்று ஒவ்வொரு குடும்பமும் தன் பெருமையைக் காசில் ஏற்றத் தொடங்கியது. தேர்தலில் நிற்கப் போகிறவனுக்கு இதைவிட நல்ல வழி ஏது?

கி.மு. 89-இல் டைட்டூரியஸ் சபைனஸ் வெளியிட்டதைப் பாருங்கள். பெயரிலேயே தான் சபைன் வழிவந்தவன் என்கிறார். சபைன்கள் ரோமுக்கு அண்டையில் இருந்த இனத்தார். அதனால் முன்பக்கம் சபைன் அரசன் டேஷியஸின் தலை. பின்பக்க வகைகளில் ஒன்றில் டார்பியா. சபைன் வீரர்களின் கையில் மின்னியதற்கு ஆசைப்பட்டு ரோமின் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவள் அவள். அவர்கள் தங்கள் கேடயங்களையே அவள்மேல் எறிந்து கொன்றார்கள். காசில் அவள் உடல் பாதி கேடயங்களுக்குள் புதைந்திருக்கிறது, இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருக்கிறாள், இரு புறமும் கேடயம் ஓங்கிய வீரர்கள், மேலே பிறையும் விண்மீனும். அந்தத் தூக்கிய கை அரிசி மணி நீளம்கூட இராது. விரல் வெட்ட இடமில்லை. ஆனாலும் முழங்கை மடங்கும் கோணத்திலேயே அந்தப் பெண்ணின் பதற்றத்தைக் கொண்டுவந்துவிட்டார் வெட்டியவர்.

கி.மு. 56-இல் ஃபாஸ்டஸ் சுல்லா தன் தந்தையான தளபதி சுல்லாவுக்காக ஒரு காசு வெளியிட்டார். மேடைமேல் சுல்லா அமர்ந்திருக்க, முன்னால் மூர் நாட்டு அரசன் பொக்கஸ் மண்டியிட்டு ஆலிவ் கிளையை நீட்டுகிறான். பின்னால் ரோமோடு போரிட்ட நுமிடியா அரசன் யுகுர்த்தா, கைகள் முதுகுப்புறம் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கிறான். யுகுர்த்தாவைப் போரில் ஓடவிட்ட பெருமை சுல்லாவின் மேலதிகாரியான தளபதி மாரியஸுக்கு. பிடித்துக் கொண்டுவந்த பெருமை சுல்லாவுக்கு. சுல்லா இதே காட்சியைத் தன் முத்திரை மோதிரத்தில் வெட்டி வைத்துக்கொண்டதை புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மாரியஸுக்கும் அவருக்கும் பகை மூண்டதில் அந்த மோதிரத்துக்கும் பங்கு உண்டு. முத்திரை வெட்டுகிறவன் என்ற முறையில் இந்தக் காசை என்னால் சும்மா கடந்து போக முடியாது.

இன்னும் ஒரு படி மேலே போனவர் ஸ்கௌரஸ். கி.மு. 58-இல் அவர் முன்னோரைத் தேடவில்லை, தன்னையே கொண்டாடினார். ஒட்டகத்தின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு ஆலிவ் கிளை நீட்டும், அரேபியாவின் நபத்திய அரசன் அரேத்தாஸ், பக்கத்திலேயே ஸ்கௌரஸின் பெயர். பார்ப்பவர்கள் அரேபியா அடிபணிந்துவிட்டது என்று நினைப்பார்கள். நடந்தது என்ன? ஸ்கௌரஸ் பெட்ரா பக்கம் படையெடுத்துப் போனார், படைக்குச் சாப்பாடு கிடைக்காமல் திண்டாடினார், அரேத்தாஸ் 300 டேலண்ட் (ஒரு பெரிய எடை அளவு) வெள்ளி கொடுத்ததும் திரும்பினார். ஜோசிஃபஸ் எழுதி வைத்திருப்பது இதைத்தான். காசில் உள்ள ஒட்டகம் அழகான ஒட்டகம், வெட்டு நேர்த்தியான வெட்டு. செய்தியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரோமுக்கு எதிராகவும் இதே மொழி பேசியது. கி.மு. 91-இல் இத்தாலியக் கூட்டாளிகள் குடியுரிமை கேட்டுக் கிளர்ந்தெழுந்தபோது சொந்தமாக டெனாரியஸ் அடித்தார்கள். எடை, அளவு எல்லாம் ரோமின் காசு போலவே. ரோமா தலை இருந்த இடத்தில் இத்தாலியாவின் தலை. சில காசுகளில் எழுத்துகூட லத்தீன் இல்லை, வலமிருந்து இடமாக ஓடும் ஆஸ்கன் என்ற இத்தாலிய மொழி எழுத்து. ஒரு வகையின் பின்பக்கத்தில் ஒரு காளை ஓர் ஓநாயைக் கொம்பால் குத்திக் காலடியில் போட்டு மிதிக்கிறது. காளை இத்தாலி, ஓநாய் ரோம். எழுத்தே தெரியாதவனுக்கும் புரியும்.

முகத்துக்கு வருகிறேன். கி.மு. 44-இன் தொடக்கத்தில்தான், ரோமில் அடித்த காசில், உயிரோடு இருக்கும் ஒரு ரோமரின் தலை முதன்முதலாக ஏறியது. அது ஜூலியஸ் சீஸர். மெட்டியஸ், செபுல்லியஸ் மேசர் முதலான அலுவலர்கள் அந்த ஆண்டில் வெளியிட்டார்கள். மெலிந்த கழுத்து, கழுத்தில் கோடு கோடாகச் சுருக்கம், தலையில் மாலை. பின்பக்கம் வீனஸ், அவர் குலத்தின் தாய். எழுத்தைப் படித்துக்கொண்டே வந்தால் முதலில் நான்காம் முறை சர்வாதிகாரி என்று இருக்கும், பிறகு வாழ்நாள் சர்வாதிகாரி என்று மாறும். அதுவரை தெய்வமும் செத்துப்போன முன்னோரும் இருந்த இடம் அது. அங்கே அவர் அமர்ந்தார். மார்ச் 15-இல் கொல்லப்பட்டார்.

கொன்றவர்களில் புரூட்டஸ் ஒருவர். அவர் இளைஞராகக் காசுப் பொறுப்பில் இருந்தபோது, கி.மு. 54 வாக்கில், சுதந்திரத் தேவியின் தலையையும், அரசனை விரட்டிய தன் மூதாதை புரூட்டஸ் காவலர் புடைசூழ நடந்துபோவதையும் போட்டிருந்தார். அதே மனிதர் கி.மு. 42-இல், படையோடு கிழக்கே இருந்தபோது, ஒரு டெனாரியஸின் முன்பக்கத்தில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார். சீஸர் செய்ததைத்தான் அவரும் செய்தார். பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள். நடுவில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் குல்லா. கீழே மார்ச் 15-ஐக் குறிக்கும் சுருக்கெழுத்து. உற்றுப் பார்த்தால் இரண்டு வாள்களின் பிடியும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு வாள், இரண்டு கை என்பதை அந்த இடுக்கிலும் காட்டியிருக்கிறார் வெட்டியவர்.

இந்தப் படம் புரூட்டஸோடு சாகவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, கி.பி. 68-இல் நீரோவுக்கு எதிராகக் கிளம்பியவர்கள் வெளியிட்ட டெனாரியஸில் அதே குல்லா, அதே இரண்டு வாள்கள். ரோம மக்களின் சுதந்திரம் மீண்டது என்று எழுத்து. வெளியிட்டவர் பெயரே இல்லை. பழைய காசு ஒன்று யாரிடமோ பத்திரமாக இருந்திருக்கிறது, அல்லது யார் நினைவிலோ இருந்திருக்கிறது.

உங்கள் இரண்டாவது காசு என் மனதுக்குக் கனமானது. அந்த இளைஞர்கள் கையஸும் லூசியஸும், அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். கி.மு. 17-இல் அவர்களைத் தத்து எடுத்துக்கொண்டார். குதிரைப்படை வகுப்பார் இருவரையும் இளைஞர் தலைவர்கள் என்று போற்றி வெள்ளிக் கேடயமும் வெள்ளி ஈட்டியும் கொடுத்தார்கள். நடுவில் நீங்கள் பார்த்தது அவைதான். கரண்டி போல இருப்பது பூசாரியின் அகப்பை, வளைந்த கோல் நிமித்தம் பார்ப்பவரின் கோல். ஒருவர் பூசகர் குழுவில், மற்றவர் நிமித்திகர் குழுவில். லுக்டூனத்தில், இன்றைய லியோனில், கி.மு. 2 முதல் ஏராளமாக அடித்தார்கள். கி.பி. 2-இல் லூசியஸ் இறந்தார், 4-இல் கையஸ். அடுத்த வாரிசுகள் இவர்கள் என்று சொல்ல வந்த காசு, இருவரும் போன பின்னும் புழக்கத்திலேயே இருந்தது. அதனால் பட்டம் ஏறியவர் திபேரியஸ், உங்கள் மூன்றாவது காசுக்காரர். அந்தப் பெண் யார் என்று எழுத்து சொல்லாது. பின்பக்க எழுத்து தலைமைப் பூசகர் என்ற அவருடைய பதவியை மட்டும் சொல்கிறது. கிளை அமைதித் தெய்வத்துக்குரியது, அவருடைய தாய் லிவியாவைத்தான் அமைதியின் சாயலில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பலர் பார்க்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். 23 ஆண்டு ஆட்சியில் அவருடைய டெனாரியஸ் பெரும்பாலும் இந்த ஒரே படத்தோடு வந்தது.

கரைமணல்:

முத்திரைவெட்டி ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் நிழல்மரத்தின் கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லையே? காசை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? எடை சரியா, வெள்ளி சரியா என்று பார்த்திருப்பார்கள். படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. இந்தப் படங்கள் எல்லாம் மேல்தட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏட்டுச்சுவடி:

கரைமணல், பார்த்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. மாற்கு நற்செய்தியில் வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு டெனாரியஸைக் கொண்டுவரச் சொல்லி, இதில் உள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று கேட்கிறார். உடனே பதில் வருகிறது. அவர் கையில் இருந்தது நிழல்மரம் பார்த்த திபேரியஸ் காசு என்பதே வழக்கமான கருத்து.

அகஸ்டஸின் உருவம் பதித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்குள்ளோ விலைமாதர் இல்லத்துக்குள்ளோ கொண்டுபோனதைக்கூட, திபேரியஸ் காலத்தில், மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். அகஸ்டஸ் தான் பிறந்த மகர ராசியை வெள்ளிக் காசில் போட்டதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. புரூட்டஸின் குல்லாவையும் வாள்களையும் காசியஸ் டியோ விவரிக்கிறார். எபிக்டெட்டஸ் ஒரு பேச்சில் இதையே உவமையாக்குகிறார். காசில் யார் முத்திரை? டிராஜனா, கொண்டா. நீரோவா, தூக்கி எறி. கேட்டவர்களுக்குக் காசைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால்தானே இந்த உவமை எடுபடும்?

முத்திரைவெட்டி:

ஏட்டுச்சுவடி நூல்களைக் காட்டிவிட்டார். நான் தொழிலிலிருந்து சொல்கிறேன். யாரும் பார்க்காத படத்துக்கு யாரும் இவ்வளவு உழைக்கமாட்டார்கள். கி.பி. 69-இல் ஓத்தோ ஆண்டது மூன்று மாதம்தான். அந்த அவசரத்திலும் அவருடைய தலைமுடி வரிசை வரிசையாக அலைபோல வெட்டப்பட்டிருக்கிறது. அவர் அணிந்தது பொய்முடி என்று சூட்டோனியஸ் சொல்கிறார், அச்சில் அது பொய்முடி மாதிரியேதான் இருக்கிறது. இன்னொரு சான்று. கி.பி. 211-இல் பேரரசர் காரகல்லா தன் தம்பி கேட்டாவைக் கொன்று, எல்லா இடத்திலும் அவன் பெயரையும் உருவத்தையும் அழிக்க உத்தரவிட்டார். காரியாவில் உள்ள ஸ்ட்ராட்டோனிகேயா நகரத்தின் பெரிய வெண்கலக் காசுகளில் அண்ணன் தலை அப்படியே இருக்க, எதிரே தம்பி தலை இருந்த இடம் மட்டும் அழிக்கப்பட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு காசாக எடுத்துச் செய்த வேலை அது.

ஆனால் கரைமணல் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. பேரரசுக் காலத்தில் பின்பக்கம் போகப் போகப் பெயர்ப்பலகை போல ஆகிவிட்டது. நின்ற கோலத்தில் ஒரு பெண், கையில் ஏதோ ஒன்று, பக்கத்தில் ஒரு சொல். காசு தேய்ந்து எழுத்து போய்விட்டாலும் கையை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம். சுக்கானைப் பிடித்திருந்தால் ஃபார்ச்சுனா, அதிர்ஷ்டம். தராசு என்றால் நேர்மை அல்லது மொனேட்டா. கிண்ணத்தில் பாம்புக்கு ஊட்டினால் சாலுஸ், நலம். பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து மறு கையில் பூ வைத்திருந்தால் ஸ்பெஸ், நம்பிக்கை. கதிரும் மரக்காலும் இருந்தால் அன்னோனா, தானிய வரத்து. தூணில் சாய்ந்து நின்றால் செக்யூரிட்டாஸ், பாதுகாப்பு. முதலில் கையைப் பாருங்கள், முகம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இந்தப் பெண்களில் உயிருள்ளவர்கள் ஹேட்ரியனின் மாகாணங்கள். பேரரசு முழுவதும் சுற்றியவர் அவர், ஆட்சியின் பிற்பகுதியில் மாகாணங்களை வரிசையாகக் காசில் ஏற்றினார். எகிப்து சாய்ந்து படுத்து கிலுகிலுப்பையை உயர்த்த, காலடியில் ஐபிஸ் பறவை. ஆப்பிரிக்காவின் தலையில் யானைத் தோல், துதிக்கை நெற்றிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். ஹிஸ்பானியா ஆலிவ் கிளையோடு சாய்ந்திருக்க, பக்கத்தில் ஒரு முயல். கடுகு அளவு முயல்தான், காது இரண்டும் தெரியும். இதற்கு ஐம்பது அறுபது ஆண்டு முன்னால் வெஸ்பாசியன் காசில் யூதேயா வெற்றிச் சின்னத்தின் கீழே கையில் தலை சாய்த்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். மாகாணம் என்றால் தோற்றவள் என்றிருந்ததை ஹேட்ரியன் மாற்றினார். ஒரு மாகாணத்தைக் கௌரவமாக உட்கார வைக்கலாம் என்று வெள்ளியிலேயே காட்டினார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

பிறகு வந்தது வருத்தமான கதை. நீரோ கி.பி. 64-இல் காசின் எடையை ஒரு ரோம ராத்தலுக்கு 84 என்பதிலிருந்து 96 என்று குறைத்தார், வெள்ளியிலும் கலப்படம் சேர்ந்தது. செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் பாதிக்குப் பாதி. கி.பி. 215-இல் காரகல்லா புதுக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார், பேரரசர் தலையில் கதிர்கள் நீட்டிய முடியோடு. அதன் மதிப்பு இரண்டு டெனாரியஸ் என்பது பொதுவான கணக்கு, வெள்ளியோ ஒன்றரைக்குத்தான் தேறும். கி.பி. 260-இல் பேரரசர் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டார். அவர் மகன் காலியேனஸின் காசில் அமைதித் தெய்வம் கிளையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். 268-இல் வந்த இரண்டாம் கிளாடியஸ் காலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூடத் தேறாது. செம்பின்மேல் பளபளப்பு, அதுவும் கொஞ்ச நாளில் போய்விடும். வெட்டும் கையும் தளர்ந்துவிட்டது. பெண்ணின் மடிப்புச் சேலை நாலு கோடு, கை ஒரு கோடு. இந்த அச்சுகளைப் பார்க்கும்போது வெட்டியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

நிழல்மரம்:

எல்லாருக்கும் நன்றி. மறுபடி போய், அந்தப் பேழைக்குள் ஒவ்வொரு கையாகப் பார்க்கப் போகிறேன். ஐயா, இன்னும் இரண்டு சந்தேகம். சில குடியரசுக் காசுகளின் விளிம்பு ரம்பப் பல் போல வெட்டுப்பட்டிருந்தது. சிலவற்றில் ரோமாவின் கன்னத்திலேயே சின்னப் பிறை, புள்ளி என்று குத்தியிருக்கிறார்கள். இவை யார் செய்தவை? இன்னொன்று, மார்க் ஆன்டனியின் கப்பல் போட்ட காசுகள் மட்டும் ஏன் எல்லாமே அப்படித் தேய்ந்திருக்கின்றன?

முத்திரைவெட்டி:

ரம்பப் பல் வேலை நாணயச்சாலையிலேயே நடந்தது. வில்லையின் ஓரத்தில் உளியால் ஒவ்வொரு வெட்டாக வெட்டி, அதன் பிறகே அச்சடித்தார்கள். உள்ளே செம்பு இல்லை என்று காட்டுவதற்காக என்று பலர் சொல்வார்கள். ஆனால் செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசுகளிலும் அதே பற்கள் உண்டு, அதனால் அந்த விளக்கம் எனக்கு நிறைவு தரவில்லை. ஜெர்மானியர்கள் இந்தப் பல் காசையும் இரட்டைக் குதிரைத் தேர் போட்ட பழைய காசையும்தான் நம்பி வாங்கினார்கள் என்று டாசிட்டஸ் சொல்கிறார். படத்தைப் பார்த்து வாங்கினார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்று, கரைமணல் கவனிக்கவும்.

கன்னத்தில் உள்ள பிறையும் புள்ளியும் காசு மாற்றுபவர்களும் வட்டிக் கடைக்காரர்களும் குத்தியவை. வெள்ளி உள்ளே வரை இருக்கிறதா என்று சோதித்துத் தங்கள் அடையாளத்தைப் போட்டுவிடுவார்கள். ஒரே காசில் நாலைந்து குத்துகூட இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடை. மறுபடி போகும்போது அந்தக் குத்துகளின் அடியில் செம்பு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது போர்த்திய காசு.

ஆன்டனியின் காசுகள் கி.மு. 32, 31-இல், பின்னால் அகஸ்டஸ் ஆனவரோடு மோதிய ஆக்டியம் போருக்கு முன்னால், ஆன்டனி தன் படைக்குச் சம்பளம் கொடுக்க அடித்தவை. ஒரு பக்கம் துடுப்புக் கப்பல், மறுபக்கம் இரண்டு கொடிக் கம்பங்களுக்கு நடுவில் கழுகு, கீழே படைப்பிரிவின் எண். வெள்ளி மற்றக் காசுகளைவிடக் குறைவு. நல்ல வெள்ளியை மக்கள் பதுக்கினார்கள், உருக்கினார்கள். இதை உருக்கிப் பயனில்லை என்பதால் கைமாறிக்கொண்டே இருந்தது. இருநூறு ஆண்டுக்குப் பிந்திய செவரஸ் காலப் புதையல்களிலும் இவை கிடக்கின்றன. தேய்ந்துபோன ஆன்டனி காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முதலில் துடுப்புகள் தெரியும், பிறகு கழுகு. படையின் எண்ணைக் கடைசியில்தான் படிக்க முடியும். கம்பத்தின் அடியில், இடமிருந்து வலமாகத் தேடுங்கள்.